ஸ்கேல் டீச்சர் அளந்த இரண்டு வழிகள்

நாற்பத்தொன்பது வயது வரை அந்த ஆசிரியை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியவர் அல்லர். ஆசிரியர் கூட்டங்களில் கடைசி வரிசையில் சுவரோரமாக அமர்வார். தலைமையாசிரியர் சொல்வதை எண்ணிட்டுக் குறித்துக்கொள்வார். முடிந்ததும் நாற்காலியை ஓசைப்படாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். ஆசிரியர் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உறுப்பினர். ஆனால் சங்க அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல் டீச்சர். அடிப்பதனால் வந்த பெயரன்று. அவருடைய மர ஸ்கேல் எந்தப் பிள்ளையின் உள்ளங்கையையும் தொட்டதில்லை. அது கோடு போடுவதற்கு மட்டுமே. பதிவேட்டில் ஒரு பெயரை நீக்க வேண்டுமானாலும் ஸ்கேலை வைத்து, சிவப்பு மையால், எழுத்துகளின் நடுவில் போகும்படி ஒரே ஒரு கோடு இழுப்பார். அடித்த பெயரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. கணக்கில் விடை சரியாக இருந்தாலும், வழிமுறை எழுதாத பிள்ளைக்கு அவரிடம் பாதி மதிப்பெண்தான். "விடையை யாரு வேணா எட்டிப் பார்த்து எழுதலாம். எப்படி வந்துச்சுன்னு காட்டு," என்பார். எவ்வளவு மூக்கைச் சிந்தினாலும் மீதிப் பாதி கிடைக்காது.

ஊரின் விளிம்பில், மூடிக்கிடந்த தகர டப்பா ஆலையின் மதிலுக்குப் பின்னால் இருந்தது அந்தத் தொடக்கப்பள்ளி. மூன்று அறைகள். இரண்டு அறைகளில் ஐந்து வகுப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி நடந்தன. மூன்றாவது அறையில் தலைமையாசிரியரின் மேசையும், கால் ஒடிந்த பெஞ்சுகளும், ஒரு பெருங்கடலே பிய்ந்து போயிருந்த உலக வரைபடமும் இருந்தன. பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர்.

ஒரு திங்கட்கிழமை, காலை வணக்கம் முடிந்த கையோடு தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டார். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்த மனிதர். எதையும் அலட்டிக்கொள்ளாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"நமக்கும் ஓலை வந்திருச்சு டீச்சர். படிங்க."

கல்வித் துறையின் சுற்றறிக்கை. நாற்பதுக்குக் குறைவான பிள்ளைகள் உள்ள தொடக்கப்பள்ளி, மூன்று கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் வேறொரு பள்ளி இருக்குமானால், அதனுடன் இணைக்கப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இணைப்பது என்பது மூடுவதற்குத் துறை வைத்த நல்ல பெயர். பக்கத்துப் பள்ளி, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த பெரிய பள்ளி.

"போன வருஷம் நாலு பேரைச் சிவப்பு மையில அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார் தலைமையாசிரியர். "ஆலையை மூடினதும் ஊரை விட்டுப் போன பிள்ளைங்க. நான் அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பேரு இருந்துட்டுப் போகட்டும், பேருக்கென்ன பசிக்கவா போகுதுன்னு. கேட்டீங்களா?"

"அவங்க வரலையே சார். முப்பது வேலைநாள் தாண்டிடுச்சு. விதிப்படி…"

"விதிப்படி! சரி. முப்பத்தெட்டும் நாலும் எவ்வளவு? நீங்கதானே கணக்கு டீச்சர்?"

"நாப்பத்திரெண்டு," என்றார் ஆசிரியை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஊரில் வராத பிள்ளைகளைப் பதிவேட்டில் வைத்திருக்காத பள்ளி அது ஒன்றுதான். ஆசிரியர்கள் தங்களுக்குள் அவர்களைக் 'காகிதப் பிள்ளைகள்' என்பார்கள். பெரிய பள்ளியில் மட்டும் காகிதப் பிள்ளைகள் ஒரு வகுப்பை நிரப்பும் அளவுக்கு இருந்தார்கள்.

அன்று மாலை ஆசிரியை பள்ளிக்கு எதிர்ச்சந்தில் இருந்த தையற்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவளுடைய மூத்த மகள் முதல் வகுப்பில் படித்தாள். அவளை ஊரே வாலு என்றுதான் கூப்பிட்டது. பள்ளிப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் வழங்கியதாகத் தெரியவில்லை. தகப்பன் வேறு ஊரில் வேலை என்று போனவன் எப்போதாவது தொலைபேசியில் பேசுவான். வீட்டில் தையல் இயந்திரம், துணிக் குவியல், தொட்டிலில் ஒரு கைக்குழந்தை.

"இங்கேன்னா மெஷின்ல உக்காந்தபடியே எட்டிப் பார்த்துக்குவேன் டீச்சரம்மா," என்றாள் தையற்காரப் பெண். வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன; அவற்றோடே பேசினாள். "அங்கே யாரு கூட்டிட்டுப் போறது? இந்தப் பொடிசை இடுப்புல தூக்கிக்கிட்டு காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போனா, தைக்கிறது யாரு?"

"பெரிய பிள்ளைங்களோட சேர்ந்து போகலாம்ல?"

"சேர்ந்து போனா தண்டவாளத்துலதான் போகுங்க. என் வாலைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? ரயிலுக்கு டாட்டா காட்டாம நகர மாட்டா. இல்லம்மா. ஸ்கூலை மூடினா அவ வீட்லதான் இருப்பா. நான் ஒரு பேச்சுக்குச் சொல்லலை."

அவள் பேச்சுக்குச் சொல்லும் பெண் அல்லள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். அடுத்த இரண்டு வாரங்களில் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் போனார். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. ஒன்பது வீடுகளில் இதே பதில் கிடைத்தது. அந்த ஒன்பது வரிகளையும் வட்டமிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கல்விக் கொள்கை என்பது ஒன்பது வட்டங்கள்.

சுற்றறிக்கையை மூன்று முறை பென்சிலும் கையுமாகப் படித்தார். அதில் ஓர் ஓட்டை தென்பட்டது. இரண்டு பள்ளிகளுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் என்று துறையின் கோப்பில் இருந்தது. அது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த நேர்கோட்டுத் தூரம். சுற்றறிக்கை சொல்வதோ நடைதூரம். நேர்கோட்டில் ஆலைக்குள்ளும் வீட்டுக் கூரைமேலும் காகம்தான் போகும். பிள்ளைகள் போக மாட்டார்கள்.

அவருடைய கணவர் சாலைப் பணி மேற்பார்வையாளர். அவரிடம் நீண்ட கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம் ஒன்று இருந்தது. தள்ளிக்கொண்டே நடந்தால் மீட்டருக்கு ஒரு முறை 'டக்' என்று ஒலித்து எண்ணிக்கை காட்டும்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் சாமான்ல எதையும் நீ தொட்டதில்லையே," என்றார் கணவர். "இப்ப எடுத்த எடுப்புல சக்கரத்தையே கேக்குற. எனக்குப் போட்டியா ரோடு போடப் போறியா?"

"ரோடு இருக்குங்க. எவ்வளவு இருக்குன்னுதான் யாரும் பார்க்கலை."

சனிக்கிழமை காலை ஆசிரியை சக்கரத்தை உருட்டத் தொடங்கினார். தையற்காரப் பெண் கைக்குழந்தையோடு சாட்சிக்கு வந்தாள். வாலு முன்னால் ஓடினாள். ஒவ்வொரு 'டக்' கேட்கும்போதும் ஓர் எண் சொன்னாள். அறுபது வரைதான் அவளுக்குப் பாடம் ஆகியிருந்தது. அறுபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

சந்து, ஆலை மதில், காய்கறிச் சந்தையின் பின்புறம், லாரிகள் வரிசை கட்டும் பெருஞ்சாலை, ரயில்வே கேட், கேட்டைத் தாண்டி மீண்டும் பின்னோக்கி வரும் தெரு. பெரிய பள்ளியின் வாயிலில் சக்கரம் காட்டிய எண் மூவாயிரத்து இருநூற்று நாற்பது. ஆசிரியை அதை எழுதி, நேரத்தையும் எழுதி, தையற்காரப் பெண்ணிடம் கையொப்பம் வாங்கினார். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருநூற்று நாற்பது மீட்டர். பள்ளி பிழைத்தது என்று இருவருக்கும் தோன்றியது. தையற்காரப் பெண் சிரித்து அன்றுதான் ஆசிரியை பார்த்தார்.

திரும்பும்போது வாலு திடீரென்று காணாமற்போனாள். ரயில்வே வேலியில் இரும்புக் கம்பிகளை யாரோ வளைத்து வைத்திருந்த சந்து வழியாக அவளுடைய தலை மட்டும் தெரிந்தது.

"டீச்சர்! இப்படிப் போனா சீக்கிரம்! எல்லாரும் இப்படித்தான் சந்தைக்குப் போவாங்க!"

தண்டவாளத்தின் குறுக்கே ஒற்றையடிப் பாதை தேய்ந்து பளபளத்துக் கிடந்தது.  ஆசிரியை பெரிய பள்ளியின் வாயிலுக்குத் திரும்பிப்போய், சக்கரத்தின் எண்ணைச் சுழியமாக்கி, வேலிச் சந்து வழியாக, தண்டவாளத்தின் மேலாக, முதலிலிருந்து அளந்தார். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.

சங்க அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அவர் அடுத்த வாரம் தெரிந்துகொண்டார். சங்கச் செயலரை எல்லோரும் 'மைக்' என்பார்கள். எதிரே ஒருவர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருப்பதுபோல் பேசுவார். நல்ல மனிதர். மனுவின் முதல் பக்கத்தைப் படித்ததும் மேசையைத் தட்டினார்.

"மூவாயிரத்து இருநூத்தி நாப்பது! அடி சக்கை! முடிஞ்சுது டீச்சர், கேஸ் முடிஞ்சுது! இதை வச்சு அவங்களைத் தண்ணி குடிக்க வச்சிரலாம்!" பக்கத்தைத் திருப்பினார். குரல் தானாகத் தணிந்தது. "இது என்ன, ரெண்டாவது ஒண்ணு?"

"அது தண்டவாளத்து வழி சார். பிள்ளைங்க அப்படித்தான் போவாங்க. அதைச் சொன்னாத்தானே ஆபத்து என்னன்னு அவங்களுக்குப் புரியும்."

"டீச்சர், கையெடுத்துக் கும்பிடறேன். இந்தப் பக்கத்தைக் கிழிச்சிருங்க."

"அளந்திருக்கேனே சார்."

"அளந்தா? அளந்ததையெல்லாம் சொல்லணும்னு யாரு சொன்னா?"

"வழிமுறை எழுதாத விடைக்கு நான் பாதி மார்க்குதான் போடுவேன்," என்றார் ஆசிரியை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மைக் மனுவை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். 

வீட்டில் கணவரும் மனுவைப் படித்தார். "ரெண்டு அளவு இருந்தா காண்ட்ராக்டர் எதைக் காட்டுவான்னு எனக்குத் தெரியும்," என்றார். "நீ எதைக் காட்டுவேன்னும் தெரியும். அதான் பயமா இருக்கு."

ஆசிரியை அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தார். ஒரு வழியை மட்டும் எழுதினால், பிள்ளைகள் சாலை வழியாகப் போவார்கள் என்று தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டதாக ஆகும். அது நடக்கப்போவதில்லை. தண்டவாளத்தை மறைத்துவிட்டுத் தண்டவாளத்தின் ஆபத்தை எப்படி எடுத்துச் சொல்வது? அட்டவணையில் இரண்டு வழிகளும் இடம்பெற்றன. இரண்டாவதன் கீழே, திருத்தமான கையெழுத்தில், 'பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வழியே செல்வர். ஆகவே இணைப்பு ஆபத்தானது' என்று எழுதினார்.

விசாரணை மாவட்டக் கல்வி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீண்ட மேசை, அதன் பின்னால் மூன்று பேர். தலைவராக இருந்த அதிகாரி மென்மையாகப் பேசினார். ஆசிரியை நிற்பதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான மனு பார்த்ததில்லைம்மா. படம், அட்டவணை, சாட்சிக் கையெழுத்து! நம்ம ஆளுங்க உங்ககிட்ட வந்து கத்துக்கணும்."

ஆசிரியைக்கு முகம் சிவந்தது. புகழ்ச்சிக்கு அவர் பழகியவர் அல்லர்.

"இந்த ரெண்டாவது வழி. 'பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வழியே செல்வர்.' இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார். அதனாலதான் ஆபத்துன்னு…"

"ஒரு நிமிஷம். நடைதூரம்னா பிள்ளைங்க நடந்து போற தூரம். எந்த வழியா நடப்பாங்கங்கிறதுதான் எங்களுக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதை நீங்களே தீர்த்து வச்சிட்டீங்க. ரெண்டாயிரத்து அறுநூத்திப் பத்து. மூணு கிலோமீட்டருக்கு உள்ளதான் இருக்கு."

"அது தண்டவாளம் சார்!"

"கவனிச்சேன். ஒரு நடைமேம்பாலம் கட்டணும்னு பரிந்துரை பண்றேன்." பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார்.

ஆசிரியை எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து பெரும் ஓசையோடு விழுந்தது. "அப்ப பாலம் வந்ததுக்கு அப்புறம் மூடுங்க சார்!" அவருடைய குரல் அவருக்கே அயலாகக் கேட்டது.

"பாலம் வேற துறைம்மா," என்றார் அதிகாரி, சற்றும் கோபமில்லாமல்.

ஆணை பத்து நாளில் வந்தது. 'ஆட்சேபணையாளரின் சொந்த அளவீட்டின்படியே' என்று தொடங்கியது அதன் மூன்றாம் பத்தி. தலைமையாசிரியர் அதைப் படித்து மேசையில் வைத்தார். உலக வரைபடத்தைச் சுருட்டி, கயிறு கட்டி, ஆசிரியையின் கையில் கொடுத்தார். "கடல் இல்லாட்டியும் பரவாயில்ல, நிலமாவது இருக்கு. அங்கே மாட்டிக்கங்க," என்றார். அதுதான் அவருடைய பிரிவு உபசாரம்.

அதன் பிறகு ஆசிரியை பேசத் தொடங்கினார். மேல்முறையீடு செய்தார், தள்ளுபடி ஆனது. மாவட்ட அலுவலகத்தின் வாயிலில் அட்டை பிடித்து நின்றவர்களில் அவர் முதல் வரிசையில் இருந்தார். அட்டையின் எழுத்துகள் மட்டும் ஸ்கேல் வைத்து எழுதியவை. தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எட்டு முறை போனார். எட்டு முறையும் அதே மர பெஞ்சு, அதே உதவியாளர். "தலைவர் சபையில இருக்காரு," என்பார். அல்லது "தலைவர் இப்பதான் கிளம்பினாரு" என்பார். எட்டாம் முறை உதவியாளரே மனம் இளகி, "டீச்சரம்மா, உண்மையைச் சொல்லட்டுமா? முப்பத்தெட்டு பிள்ளை. ஓட்டுப் போடற வயசும் இல்ல," என்றார்.

செய்தியாளரிடம் அனுமதியின்றிப் பேசியதற்காகத் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. எண்ணிட்ட ஆறு பக்கங்களில் விளக்கம் எழுதினார். விளக்கம் ஏற்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஆண்டின் நடுவில் இன்னொரு சுற்றறிக்கை வெளியானது. இனிமேல் பள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை வரைபடத்தில் பார்க்கக் கூடாது. ஆய்வாளர்கள் அளவுச் சக்கரத்தோடு நேரில் நடந்து, 'பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்தும் குறுக்குவழிகள் உட்பட' அளக்க வேண்டும். மாதிரிப் படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அது ஆசிரியையின் அட்டவணை. கட்டங்களின் அகலம்கூட மாறவில்லை.

ஒரு நாள் மதிய இடைவேளையில் தொலைபேசி வந்தது. முன்பின் அறியாத ஊரிலிருந்து, முன்பின் அறியாத ஆசிரியர்.

"சக்கரம் டீச்சர் நீங்கதானா?"

"யாரு பேசறீங்க?"

"நூத்தி இருபது மீட்டர்ல ஸ்கூலைப் பறிகொடுத்தவன் பேசறேன். எங்க பிள்ளைங்க எப்பவாவது வாய்க்கால்ல இறங்கிக் குறுக்கே போவாங்க. அதையும் அளந்துட்டாங்க. உங்க ஃபாரத்துலதான். கையெழுத்து ரொம்ப அழகுங்க. நல்லா இருங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அழைத்தவர் அழுதாரா, சிரித்தாரா என்று ஆசிரியையால் கணவருக்குச் சொல்ல முடியவில்லை.

அவரைப் பெரிய பள்ளிக்கே மாற்றியிருந்தார்கள். முதல் நாள், முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் முப்பது. மழைக்காலத்தில் வேலிச் சந்துக்கு அப்பால் முழங்காலளவு நீர் தேங்கியது, இருபத்தேழு. மற்ற பதினொருவரில் மூவர் முறைப்படி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிகளில் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் வீட்டில் இருந்தார்கள். எட்டுப் பேரும் வட்டமிட்ட வரிகளில் இருந்தவர்கள். வட்டமிட்ட ஒன்பதில் ஒன்று மட்டுமே பொய்த்திருந்தது. தம்முடைய கணக்கு அவ்வளவு சரியாக வந்ததற்காக அவர் முதன்முறையாக வெறுப்படைந்தார். மேம்பாலத்துக்கு இரண்டு பேர் வந்து, வேலியோரம் ஒரு முளை அடித்துவிட்டுப் போனார்கள். முளையில் யாரோ துணி காயப்போட்டார்கள்.

அவருடைய கையெழுத்தைப் பார்த்த புதிய தலைமையாசிரியை, சேர்க்கைப் பதிவேட்டை அவரிடமே ஒப்படைத்தார். வாலு தொடர்ந்து வராத முப்பதாவது வேலைநாளன்று ஆசிரியை பதிவேட்டைத் திறந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ஸ்கேலை வைத்தார். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டார். பெயர் இருக்கும் வரை பெஞ்சில் ஓர் இடம் இருக்கும். இடம் இருந்தால் பிள்ளை ஒரு நாள் வந்து உட்காரலாம். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் விதியை மீறியது அதுதான் முதல் முறை. எட்டுப் பெயர்களையும் அப்படியே விட்டார். மனுக்களில் மட்டும் 'எட்டுப் பேர் வரவில்லை' என்று ஒவ்வொரு மாதமும் எழுதினார்.

புதிய தலைமையாசிரியைக்கு மிகவும் மகிழ்ச்சி. "உங்களைப் பத்தி என்னென்னவோ சொல்லி பயமுறுத்தினாங்க டீச்சர். ஒரு பேரைக்கூட விட்டு வைக்க மாட்டீங்கன்னு. இப்பதான் உங்களுக்கு உலகம் புரிஞ்சிருக்கு," என்றார். ஆசிரியை பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

கல்வியாண்டு முடியும் தறுவாயில் துறையின் அறிக்கை வெளியானது. இணைக்கப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஊர் வாரியாக அட்டவணை. அந்த ஊரின் வரியை ஆசிரியை விரல் வைத்துப் படித்தார். மொத்தம்: முப்பத்தெட்டு. வேறு பள்ளி: மூன்று. பதிவேட்டில் தொடர்வோர்: முப்பத்தைந்து. இடைநிற்றல்: இல்லை.

அடிக்குறிப்பில், இந்தப் பள்ளியின் பதிவேடு முன்மாதிரியாகப் பராமரிக்கப்படுவதாகப் பாராட்டும் இருந்தது. மைக் தொலைபேசியில் கத்தினார்: "டீச்சர், எட்டு பேரு வரலைன்னு மாசாமாசம் மனு கொடுத்தீங்களே! உங்க பதிவேடே எட்டு பேரும் இருக்காங்கன்னு சொல்லுதே! இதை வச்சுக்கிட்டு நான் எந்த மேடையில ஏறுறது?" கடைசியில் குரல் தணிந்து, "விடுங்க. அடிச்சிருந்தாலும் வேற ஏதாவது எழுதியிருப்பாங்க," என்றார். அது ஆறுதலா என்பதை அவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்று மாலை ஆசிரியை தையற்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். எதிரே பழைய பள்ளியின் வாயிலில் பூட்டு துருவேறிக் கிடந்தது. வாலு இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து, ஒரு காந்தத்தால் தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! நான் நூறு வரைக்கும் எண்ணுவேன்! நீங்க அறுபது வரைக்கும்தானே சொல்லிக் குடுத்தீங்க!"

"மீதி யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மா. ஊசி எண்ணி எண்ணி."

தையற்காரப் பெண் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "வேற என்ன பண்றது டீச்சரம்மா. கை வேலைக்கு ஒத்தாசையா இருக்கா. பட்டன்கூடத் தைக்கிறா." சிறிது தூரம் தைத்த பிறகு, துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க சக்கரத்தாலதான் மூடினாங்கன்னு பேசிக்கிறாங்க. நான் தப்பா நினைக்கலைம்மா. நானும்தானே கூட வந்து கையெழுத்துப் போட்டேன்."

"வர்ற வருஷமாவது அனுப்பறியா? முதல்லேர்ந்து சேர்த்துக்கலாம்."

"பாலம் வந்துச்சுன்னா பார்க்கலாம்," என்றாள் அவள். வராது என்பது இருவருக்கும் தெரியும். வாலு மட்டும், "பாலத்து மேல நின்னு டாட்டா காட்டினா ரயிலுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"தெரியும்," என்றார் ஆசிரியை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்தார். தலைமையாசிரியை கணினியின் முன்னால் இருந்தார். சிவப்பு மையையும் ஸ்கேலையும் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"என்ன டீச்சர், வருஷக் கடைசியில வந்து எட்டு பேரை அடிக்கிறீங்க? அறிக்கையே முடிஞ்சு போச்சு! இது இனிமே அடுத்த வருஷக் கணக்குலதான் வரும்."

"வரட்டும்."

"சரி, காரணம் சொல்லுங்க, ஏத்திடறேன். ஒண்ணு, வேற பள்ளி. ரெண்டு, குடும்பம் இடம்பெயர்வு. மூணு, இறப்பு. நாலு, பிற."

"தொலைவு."

"அப்படி ஒண்ணு இல்ல டீச்சர்."

"பள்ளியை மூடிட்டாங்க. போக வழி இல்ல. அதுதான் காரணம்."

"கட்டம் நாலுதான் இருக்கு. நான் எங்க போயி அஞ்சாவது கட்டம் செய்யறது?" தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். சிறிது பொறுத்து, "நாலுன்னு போட்டுடறேன். சரியா?" என்று கேட்டார்.

ஆசிரியை ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கோடு இழுத்தார். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஓரத்தில் 'தொலைவு' என்று சிறிய எழுத்தில் எழுதினார். வாலுவின் சொந்தப் பெயர் நீளமானது. அதற்குக் கோடும் நீளமாயிற்று.

"ஓரத்துல எழுதறதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது டீச்சர்," என்று தலைமையாசிரியை திரையைப் பார்த்தபடி சொன்னார். விசைப்பலகையில் எட்டு முறை நான்கைத் தட்டும் ஓசை கேட்டது.

வகுப்பு மணி அடித்தது. மை உலராததால் பதிவேட்டை மூட முடியவில்லை. ஆசிரியை அதை விரித்தபடியே வைத்துவிட்டு, நாற்காலியை ஓசைப்படாமல் மேசைக்கடியில் தள்ளினார். போவதற்கு முன் ஒரு முறை குனிந்து பார்த்தார். அடித்த பெயர்கள் எட்டும் தெளிவாகப் படிக்கும்படி இருந்தன.